காயத்தில் பிழை இல்லை

1. நடந்து வந்த பிள்ளை

இம்தாத் வார்டுக்குள் நடந்துதான் வந்தான். அதை முதலில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரையும் ஏமாற்றியது அதுதான். யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையைக் கண்டால் வார்டே எழுந்து நிற்கும். புதுச் சாரனும் தொப்பியுமாக, பரிசாகக் கிடைத்த கை மணிக்கூட்டை அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டு நடந்து வருகிற ஏழு வயதுப் பையனைக் கண்டு யார் பதறுவார்கள்?

நான் காரைதீவுக்காரி. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பிள்ளைகள் வார்டில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மருந்துக்குப் பயந்தவர்களைவிட என் வாய்க்குப் பயந்தவர்கள்தான் அங்கே அதிகம். பேஷன்டின் கட்டிலில் குடும்பத்தோடு ஏறி உட்காருகிறவர்களையும், பிள்ளை வாந்தி எடுக்கும்போது போனில் வியாபாரம் கதைக்கிற தகப்பன்மாரையும் நான் சும்மா விட்டதில்லை. இப்போது அந்த வார்டில் நிற்கிற தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். மருந்துகளின் பெயரை நீங்கள் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். இது எங்கள் கரையில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தவறு. இதை உங்களுக்கு எந்த லெக்சரிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

அது மாரி முடிகிற நேரம். டிசம்பர் விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் தொடங்க இருந்தன. இம்தாத்தின் தாய் சபீனா சாய்ந்தமருதுப் பிள்ளை. கணவன் ஒலுவில் துறைமுகத்திலிருந்து பெரிய போட்டில் ஆழ்கடலுக்குப் போகிறவர்; அப்போதும் கடலில்தான் இருந்தார்.

“சுன்னத்து வச்ச புள்ள மிஸி,” என்றாள் சபீனா. “ரெண்டு நாளா திண்டதெல்லாம் சத்தி எடுக்கான். தல இடிக்குதாம்.”

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பையன்களுக்குச் சுன்னத்து வைக்கும் காலம் டிசம்பர் விடுமுறைதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை, ஆறும்வரை வீட்டில் கிடக்கலாம். எங்கள் வார்டுக்கு அந்த நாட்களில் சுன்னத்துப் பையன்கள் வருவது புதினமில்லை. இரவில் காலை உதறிக் காயம் பிரிந்தது, கட்டு ஒட்டிக்கொண்டது என்று வருவார்கள். கட்டை நனைத்து எடுத்துவிட்டு, நாலு பகிடி விட்டு அனுப்பிவிடுவோம். இவனையும் அந்தக் கணக்கில்தான் கட்டிலில் ஏற்றினேன்.

பிறகு பிரஷர் பார்த்தேன். பிள்ளைகளுக்குரிய சின்னக் கஃப்பைக் கட்டிப் பார்த்தேன். மெஷின் பழுது என்று நினைத்து வேறு மெஷினில் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடாத பிரஷர். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அமத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்தேன். கண்ணிமைகள் தடித்திருந்தன. கொழுகொழுவென்ற பிள்ளை என்று கதவடியில் நான் நினைத்தது கொழுப்பு இல்லை, நீர்.

சாரனை உயர்த்தியபோது கால்களில் வட்ட வட்டமாகக் கறுத்த தழும்புகள். மாரியில் தண்ணீருக்குள் விளையாடித் திரிகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற சிரங்கு. அது ஆறினால்தான் சுன்னத்து வைக்கலாம் என்று வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்து, மஞ்சள் பூசி ஆற்றியிருந்தார்கள்.

மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். சபீனா கொஞ்சம் கூச்சப்பட்டாள். சிவப்பாகத்தான் போகிறது, காயத்திலிருந்து வருகிற இரத்தம்தான் என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, “காயம் ஆறினதுக்குப் புறகுதான்,” என்றவள், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். ஆறிய காயத்திலிருந்து இரத்தம் எப்படி வரும்? அந்தக் கேள்வி அவள் முகத்தில் ஏறியதை நான் பார்த்தேன். இன்றுவரை மறக்கவில்லை.

போத்தலில் அவன் பெய்து தந்தது அடியை மூடக்கூடக் காணாது. நாள் முழுக்க அடுப்பில் கிடந்த பிளேன்டீயின் நிறம்.

2. இளநீர்க்கடை

சிரங்கோ தொண்டை நோவோ வந்து மாறி, சில கிழமைகள் கழித்துப் பிள்ளைகளின் கிட்னி வீங்குவது எங்கள் வார்டில் எல்லா மாரியிலும் காண்கிற விஷயம். முகம் ஊதும், மூத்திரம் சிவக்கும், பிரஷர் ஏறும். தண்ணீரையும் உப்பையும் குறைத்து, பிரஷருக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறிவிடுவார்கள். இம்தாத்தும் அப்படித்தான் தேறுவான் என்று நினைத்தோம். சபீனாவிடமும் பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னோம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் என் சண்டையெல்லாம் விருந்தினரோடுதான். மூத்திரம் சிவந்தால் உடம்புச் சூடு, சூட்டுக்கு இளநீர் என்பது எங்கள் ஊர்களில் டொக்டர்மாரின் தாய்மாரும் நம்புகிற வைத்தியம். கிட்னி வேலை செய்யாத பிள்ளைக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திவிடும். ஒருநாள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் ஒரு இளநீர்க்கடையே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து, டியூட்டியில் நின்ற எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன். கொண்டுவந்த மாமிமார் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் பிரஷர் ஏறியிருக்க வேண்டும்.

ஓதிய தண்ணீரை மட்டும் நான் தடுக்கவில்லை. பள்ளிவாசலில் ஓதி வாங்கிய போத்தலைச் சபீனா மறைத்து வைத்திருந்தாள். நான் அதை எடுத்து, சிரிஞ்சில் ஐந்து மில்லி இழுத்து இம்தாத்தின் வாயில் விட்டு, இன்டேக் சார்ட்டில் ‘ஓதிய தண்ணீர், ஐந்து’ என்று எழுதினேன். அவள் அன்று ஒரு நாள்தான் எனக்கு முன்னால் சிரித்தாள். “அல்லாஹ்ட தண்ணியையும் அளந்துதான் தருவீங்களா மிஸி?” என்று கேட்டாள். அளந்துதான் கொடுத்தேன்.

ஆனால் நான் அளந்த மற்றப் பக்கம் குறைந்துகொண்டே போனது. மூத்திரம் இறங்கவில்லை. கிரியேட்டினின் ஒவ்வொரு காலையும் முதல்நாளைவிட மேலே நின்றது. சாதாரணச் சிரங்குக் கிட்னி இப்படி ஓடாது. எங்கள் டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழை வார்டில்தான் பழகினார். மூன்றாவது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

“இது ஓடுது மிஸ். நாங்க நடக்கிறது.”

கண்டியில் பிள்ளைகளின் கிட்னிக்கென்று டொக்டர்மார் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று முடிவானது. அம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் வார்டு வாசலில் ஒரு வயதான மனிதர் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இளநீரைப்போல அதுவும் ஆகாது என்று நான் வாங்கி ஒருபக்கம் வைத்தேன். அவர்தான் இம்தாத்துக்குச் சுன்னத்து வைத்தவர். ஒஸ்தா மாமா என்று ஊரே அழைக்கும். அந்தப் பகுதியில் அரைவாசி ஆம்பிளைகள் அவர் கைபட்டவர்கள்தான். ஒஸ்தாவின் கத்தி பட்டுத்தான் பிள்ளையின் கிட்னி பழுதாகிவிட்டது என்று அதற்குள் ஊரில் கதை பரவியிருந்தது.

அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று என்னிடம் சொன்னார்: “புள்ளட உம்மா ஒரு கிழமைக்கு முந்தி எனக்கிட்டக் கூட்டிட்டு வந்தா மிஸி. ரெத்தம் போகுதெண்டா. நான் காயத்தப் பாத்தன். நல்லா ஆறியிருந்திச்சு. காயத்துல பிழ இல்ல, சூட்டுக்குத்தான் போகுதெண்டு சொல்லி அனுப்பினன். நான் பொய் சொல்லல்ல.”

“இல்ல மாமா. நீங்க பொய் சொல்லல்ல,” என்றேன்.

உண்மையும் அதுதான். காயத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் கை சுத்தமான கை. ஆனால் தன் கையில் பிழை இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்தார். இல்லை என்றதும் விஷயம் முடிந்துவிட்டது. தாய்க்கும் மனம் ஆறிவிட்டது. அப்படிப் போன ஏழு நாள், அந்தக் கிழமைதான் எங்களுக்குத் தேவைப்பட்ட கிழமை.

3. அம்புலன்ஸில்

கூடப் போகும் டியூட்டி எனக்கு விழுந்தது. அம்பாறை தாண்டி, மஹியங்கனை தாண்டி, மலை ஏறுகிற வளைவுகளில் அம்புலன்ஸ் சாய்ந்து சாய்ந்து போனது. இம்தாத் ஒக்சிஜனோடு கண்ணை மூடிக் கிடந்தான். மணிக்கூட்டைக் கழற்ற விடவில்லை. கையும் ஊதி, அதன் வார் சதைக்குள் புதைந்திருந்தது. நான் இரண்டு ஓட்டை தள்ளிக் கட்டிவிட்டேன்.

மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் சபீனா அதைக் கேட்டாள்.

“கத்தி பட்டதாலயா மிஸி?”

இல்லை என்று சொன்னேன். காலில் இருந்த சிரங்கால் வந்தது, கத்திக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, சுன்னத்து வைக்காமல் விட்டிருந்தாலும் வந்திருக்கும் என்று விளக்கமாகச் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

“நான் எல்லாத்தையும் கண்டன் மிஸி. ஒண்டையும் காணாம விடல்ல. முகம் ஊதினதக் கண்டன். முட்டையும் கோழியும் திண்டு புள்ள தேறிட்டான் எண்டு மச்சிமார் சொன்னாங்க, நானும் சந்தோசப்பட்டன். செவப்பாப் போறதக் கண்டன். காயம் எண்டு நெனச்சன். ஒண்டுக்குப் போறது கொறஞ்சதையும் கண்டன். எரியும் எண்டு பயந்து அடக்கிறான் எண்டு நெனச்சன், சுன்னத்து வச்ச புள்ளயள் அப்புடித்தானே. படுத்துப் படுத்துக் கெடந்தான். படுக்கத்தானே வேணும் எண்டு விட்டன். ஒவ்வொண்டுக்கும் ஒரு காரணம் என்ட கைக்குள்ளயே இருந்திச்சு.”

தங்கச்சிமாரே, இந்தப் பேச்சைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். கிட்னி வேகமாகப் பழுதாகிற பிள்ளைக்கு என்னென்ன அறிகுறி என்று பரீட்சையில் கேட்டால் எழுதுவீர்களே, அவ்வளவையும் அந்தத் தாய் வரிசையாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கண் இருந்தது, பிள்ளைமேல் உயிராகவும் இருந்தாள். சுன்னத்து வைத்த வீட்டில் பிள்ளையின் முகம் பூரிக்கும், மூத்திரம் சிவக்கும், அளவு குறையும், பிள்ளை சோர்ந்து படுக்கும். நோயும் அதையேதான் செய்தது. வேறு எந்த மாதத்தில் இது வந்திருந்தாலும் அவள் மறுநாள் காலையிலேயே எங்கள் வாசலில் நின்றிருப்பாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

4. திரும்பி வராதது

கண்டியில் ஊசியால் கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டின் பிரதி எங்களுக்கு வந்தபோது டொக்டர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். இரத்தத்தை வடிக்கும் சின்னச் சின்னச் சல்லடைகளுக்குள் பிறை வடிவத்தில் சதை வளர்ந்து அடைத்துவிடும். அப்படி அடைத்தவை எத்தனை என்பதில்தான் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. இவனுக்கு அநேகமாக எல்லாமே அடைத்துவிட்டன. கடலில் இருந்து வந்து, எங்கள் வார்டில் விசாரிக்க நின்ற தகப்பனுக்கு இதை நான்தான் தமிழில் சொன்னேன். பிறை என்ற சொல்லை மட்டும் நான் பாவிக்கவில்லை. பெருநாளைக்குப் பிறை பார்க்கக் கடற்கரையில் கூடுகிற மனிதரிடம் அந்தச் சொல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடைப்பு என்று சொன்னேன்.

பெரிய டோஸில் ஸ்டீரொயிட் ஏற்றினார்கள். கான்சருக்குக் கொடுக்கும் மருந்தொன்றும் கொடுத்தார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ் செய்தார்கள். கிட்னி கிறுகி, பழையபடி திரும்பி வரும் வரும் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். மூத்திரம் இன்று கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சபீனா போன் எடுப்பாள். இரண்டு நாள் கழித்துப் போன் வராது. வராவிட்டால் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த மாரியில் சொறிக்கல்முனையிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்தாள். அதே சிரங்கு, அதே ஓட்டம். அவளுக்கு மூத்திரம் சிவந்தவுடன் தகப்பன் வயல் வேலையைப் போட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏற்றி வந்துவிட்டார். அந்த வீட்டில் சாட்டுச் சொல்ல ஒரு காயம் இருக்கவில்லை. அதே கண்டி, அதே மருந்து. அவளுடைய கிட்னி கிறுகி வந்துவிட்டது. இம்தாத் முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பானா என்று நான் டொக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் முந்தி வந்தும் தப்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் தப்பியிருக்கலாம் என்றார். அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படிக் கண் மூடுவாள்? அவளிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. அவள் கேட்கவும் இல்லை. இருவருக்கும் தெரியும்.

பிறகு வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயலிசிஸ். வீட்டின் ஒரு அறைக்கு டைல்ஸ் பதித்து, கதவில் ஆட்கள் உள்ளே வரவேண்டாம் என்று எழுதி ஒட்டினார்கள். சபீனா கை கழுவுகிறதைப் பார்த்து எங்கள் தியேட்டர் நேர்ஸ்மார் பழக வேண்டும். அப்படி இருந்தும் வயிற்றுக்குள் கிருமி போய், காய்ச்சலோடு எங்கள் வார்டில் வந்து படுப்பான். பள்ளிக்கூடம் போனது குறைவு. வயது ஏறியது, உயரம் ஏறவில்லை. கிட்னி பழுதான பிள்ளைகள் வளருவது இல்லை என்பது எனக்குப் படிப்பிலேயே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை அவனைச் சுவரோடு நிறுத்தி அளக்கும்போதும், கோடு பழைய இடத்திலேயே நிற்பதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

தன் கிட்னியைக் கொடுக்கச் சபீனா துடித்தாள். பொருந்தவில்லை. அந்த ரிப்போர்ட் வந்த அன்று அவள் அழுத மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தகப்பனுடையதுதான் பொருந்தியது. அவர் கொடுத்தார். அதன் பிறகு ஆழ்கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் கரையில் கிழிந்த வலை பொத்துகிறார். அந்தக் கிட்னி இன்றுவரை வேலை செய்கிறது. காலையும் மாலையும் மாத்திரை, வாழ்நாள் முழுக்க.

5. இரண்டாவது சுன்னத்து

இம்தாத்துக்கு இல்ஹாம் என்று ஒரு தம்பி. அவனுக்கு எப்போதோ சுன்னத்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு டிசம்பரும் சபீனா ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டாள். பையனுக்கு ஒன்பது வயதாகி, கூடப் படிக்கிறவர்கள் பகிடி பண்ணத் தொடங்கிய பிறகுதான் சம்மதித்தாள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். காரைதீவு வீட்டுக்கு அவளே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

யார் வைக்கிறார்கள் என்று கேட்டேன். எந்த டொக்டர் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஒஸ்தா மாமாதான். நானே போய்க் கூப்பிட்டன். என்ட புள்ளட பேரச் சொல்லித்தானே ஆக்கள் அவரக் கூப்பிடாம உட்டாங்க. என்ட வீட்டிலயே அவர் திருப்பித் தொடங்கட்டும்.”

இப்படிப்பட்டவளை நோய் ஏமாற்றிவிட்டதே என்று எனக்கு மறுபடியும் மனம் கிடந்து வெந்தது. இதில் ஒருவர் குற்றமும் இல்லை என்று நினைத்தால் மனம் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. குற்றவாளி ஒருவர் இருந்திருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு ஆறியிருப்பேன். மாரிச் சிரங்கும் சுன்னத்து விடுமுறையும் எங்கள் கரையில் வருடா வருடம் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரங்கைப் பற்றிச் சொன்னோம். பள்ளிவாசலில் சுன்னத்தைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுன்னத்து வைக்கிற காலையில் நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். சபீனா என்னை நேரே குசினிக்குக் கூட்டிப் போனாள். ஜன்னலில், வெயில் படுகிற இடத்தில், லேபல் கழற்றிய ஜாம் போத்தல் ஒன்று இருந்தது. இல்ஹாமுக்கும் அந்த மாரியில் சிரங்கு வந்திருந்தது; அது ஆறிய நாளிலிருந்து அவன் தினமும் காலையில் அதற்குள்தான் பெய்ய வேண்டும் என்று சட்டம். காயம் ஆறிய பிறகும் ஒரு மாதத்துக்கு அப்படித்தான் என்றாள். நான் பாமசியில் வாங்கிப் போயிருந்த டிப்ஸ்டிக்கை நனைத்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. சுத்தமாக இருந்தது.

தங்கச்சிமாரே, சுன்னத்து வைத்த பிள்ளை வார்டுக்கு வந்தால் காயத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு காலில் சிரங்குத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் எழும்பும்போது முகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். போத்தலைக் கொடுத்து நிறத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். பிரஷர் பாருங்கள். காயத்தில் பிழை இல்லை என்று கண்டுவிட்டால், அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

ஒஸ்தா மாமா வந்து உள்ளறையில் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கை நடுங்குகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே துணியில் எடுத்த புதுச் சாரனும் தொப்பியுமாக வாசற்கதவடியில் நின்றார்கள். இம்தாத்தின் கையில் அதே மணிக்கூடு. வார், ஏழு வயதில் ஊதுவதற்கு முன் மாட்டிய அதே பழைய ஓட்டையில்தான் மாட்டியிருந்தது.

மருதமுனையிலிருந்து தகப்பனின் உறவுக்கார மாமி ஒருவர் வந்தார். பல வருடம் கழித்து வருகிறவர். படியேறியதும் இரண்டு பையன்களையும் பார்த்தார். சிறியவனைப் பிடித்து அணைத்து, உச்சியில் கொஞ்சி, கொண்டுவந்த பார்சலை அவன் கையில் வைத்தார்.

“பயப்படாத கிளி. எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இரிக்கும்.”

அவர் அணைத்தது இம்தாத்தை. பன்னிரண்டு வயது அண்ணனை.

குசினியில் முட்டை அவித்துக்கொண்டிருந்த சபீனா திரும்பிப் பார்க்காமலே நின்றாள். இம்தாத் மட்டும் சிரித்தான். அவனுக்கு இது பழகிப்போன விஷயம் போலிருந்தது.

“எனக்கில்ல மாமி, தம்பிக்கி,” என்றான். “எனக்கு எப்பவோ முடிஞ்சிட்டு.”

பார்சலைத் தம்பியிடம் நீட்டினான். இல்ஹாம் அதை வாங்கக் கொஞ்சம் குனிந்தான்.